கன அடியும் கன மீட்டரும்



மேட்டூர் அணையைப் பற்றிய செய்தி நாள்தோறும் நாளிதழ்களில் வெளிவருகிறது. அச்செய்தியைச் சற்றே ஊன்றிப் படித்துப் பாருங்கள். அணையின் நீர்மட்டம் இத்தனை அடி என்று இருக்கும். அணைக்கு வரும் நீர் வினாடிக்கு இத்தனை கன அடி என்று இருக்கும். நீர் இருப்பு இத்தனை டி.எம்.சி. என்று இருக்கும். அதே பக்கத்தில், நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்த மழை இத்தனை மில்லிமீட்டர் என்றும், பாசனம் பெறும் நிலம் இத்தனை ஹெக்டேர் என்றும், நகரத்துக்கு வழங்கும் குடிநீர் இத்தனை கோடி லிட்டர் என்றும் காண்பீர்கள். அளக்கப்படும் பொருள் ஒன்றே, அது தண்ணீர். அதனை அளக்கும் கோல்களோ பல. வானிலிருந்து விழும்போது ஒரு கோல். அணையில் நிற்கும்போது வேறொரு கோல். குழாயில் வரும்போது மற்றொரு கோல். இவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கத் தெரியாதவருக்கு அச்செய்தி வெறும் எண்களின் குவியல். தெரிந்தவருக்கோ அது நாட்டின் வரவு செலவுக் கணக்கு.

நான் வாழும் புதுச்சத்திரம், சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே நெடுஞ்சாலை ஓரத்தில் அமைந்த ஊர். காவிரி எங்கள் மாவட்டத்தின் மேற்கு எல்லையிலும் தெற்கு எல்லையிலும் பள்ளிபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் ஆகிய ஊர்களை ஒட்டி ஓடுகிறது. எங்கள் சுற்றுப்புறமோ மேட்டு நிலம். கிணறும் மழையும் நம்பி மரவள்ளியும் நிலக்கடலையும் சோளமும் விளையும் புன்செய். ஆயினும் இப்பகுதியின் ஊர்கள் பலவற்றுக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் வழியே காவிரி நீரே குழாயில் வருகிறது. ஆதலால் ஆற்றங்கரையில் வாழ்வோர்க்கு மட்டுமன்றி, எங்களைப் போன்றோர்க்கும் அந்த எண்களின் பொருள் தெரிந்திருத்தல் வேண்டும். மிகப் பெரிய கன அளவுகளை ஒரு முறையிலிருந்து மற்றொரு முறைக்கு எவ்வாறு மாற்றுவது, மாற்றும்போது எங்கே வழுக்கி விழ நேரும், மாற்றிய விடை சரியா என்று எவ்வாறு சோதிப்பது என்பவற்றை இன்று காண்போம்.

முதலில், இந்த இரட்டை வழக்கு எப்படி வந்தது? நம் முன்னோர் நாழி, குறுணி, கலம் என்று முகந்து அளந்தனர். எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். ஆனால் நாழியும் படியும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. பட்டணத்துப் படி வேறு, உள்ளூர்ப் படி வேறு என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் பொதுப்பணித் துறையின் வேலைகள் யாவும் அடி, கெஜம், மைல், ஏக்கர் என்னும் அவர்கள் நாட்டு அளவைகளில் நடைபெற்றன. மேட்டூர் அணையின் கட்டுமானம் 1925 இல் தொடங்கி 1934 இல் நிறைவுற்றது. அன்றைய சென்னை மாகாண ஆளுநரின் பெயரால் அதனை ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று அழைத்தனர். அதன் நீளம் 5,300 அடி, முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்று எல்லாமே அடிக்கணக்கில்தான் ஏடேறின. சென்னை மாகாணமும் மைசூர் அரசும் 1924 இல் செய்துகொண்ட காவிரி உடன்படிக்கையும் கன அடியிலேயே பேசியது.

நாடு விடுதலை பெற்றபின், 1956 இல் நாடாளுமன்றம் எடை அளவுகளுக்கான தரச் சட்டத்தை நிறைவேற்றியது. 1957 ஏப்ரல் முதல் நாள் பதின்முறைக் காசு புழக்கத்துக்கு வந்தது. அதனைத் தொடர்ந்து சேர் போய்க் கிலோகிராம் வந்தது; கெஜம் போய் மீட்டர் வந்தது; படியின் இடத்தில் லிட்டர் அமர்ந்தது. கடைத்தெருவின் தராசை மாற்றுவது எளிது. கட்டி முடித்த அணையையும், கையொப்பமிட்ட உடன்படிக்கையையும், பல்லாண்டுகளாகத் தொகுத்த நீர்ப் பதிவேடுகளையும் மாற்றுவது அவ்வளவு எளிதன்று. ஆதலால் ஆறும் அணையும் இன்றளவும் அடிக்கணக்கில் நிற்கின்றன; மழையும் நிலமும் குடிநீரும் மீட்டர்க் கணக்குக்கு வந்துவிட்டன. இரண்டுக்கும் இடையே பாலம் அமைப்பது நம் வேலையாகிறது.

டி.எம்.சி. என்பது என்ன? தௌசண்ட் மில்லியன் கியூபிக் என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. ஆயிரம் மில்லியன் என்பது நம் வழக்கில் நூறு கோடி. கியூபிக் என்றால் கனம். எதன் கனம்? அடியின் கனம். அந்த 'அடி' என்ற சொல்லோ சுருக்கத்தில் விடுபட்டுப் போயிற்று! இதுவே முதல் வழுக்கு நிலம். நூறு கோடி கன மீட்டர் என்று ஒருவர் தவறாகக் கொண்டால், உண்மை அளவைப் போல் முப்பத்தைந்து மடங்குக்கு மேல் கணக்கு வீங்கிவிடும்.

நூறு கோடியைப் பில்லியன் என்னாமல் ஆயிரம் மில்லியன் என்று ஏன் சுற்றி வளைத்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அக்காலத்து ஆங்கிலேயர் வழக்கில் பில்லியன் என்பது ஒன்றுக்குப் பின் பன்னிரண்டு சுழியங்கள் கொண்ட எண். அமெரிக்கர்க்கோ அதே சொல் ஒன்பது சுழியங்கள் கொண்ட எண்ணைக் குறித்தது. 1974 இல்தான் பிரிட்டிஷ் அரசு அமெரிக்க வழக்கை ஏற்றது. ஆயிரம் மில்லியன் என்று சொல்லிவிட்டால் எந்நாட்டவர்க்கும் ஐயம் எழாது. நமக்கு இத்தொல்லையே இல்லை. நூறு கோடி கன அடி என்று தமிழில் சொன்னால் போதும். கணக்கும் தெளிவாகும், விடுபட்ட அடியும் திரும்பிவரும்.

இனி, பாலத்தின் முதற்கல்லை நாட்டுவோம். ஓர் அடி என்பது 0.3048 மீட்டர். இது தோராயமான எண் அன்று. 1959 இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகள் ஒரு கெஜத்தை 0.9144 மீட்டர் என்று வரையறுத்தன. அதில் மூன்றில் ஒரு பங்காகிய அடி மிகச் சரியாக 0.3048 மீட்டர் ஆயிற்று.

எங்கள் பக்கத்துத் தோட்டக் கிணறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாறையை வெட்டிச் சதுரமாக இறக்கிய கிணறு அது. நீளம் 30 அடி, அகலம் 30 அடி, நிற்கும் நீரின் ஆழம் 30 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள நீர் 30 × 30 × 30, அதாவது 27,000 கன அடி. இதனைக் கன மீட்டராக்க வேண்டும். மாணவர் ஒருவர் 27,000 ஐ 0.3048 ஆல் பெருக்கி, விடை 8,229 கன மீட்டர் என்கிறார். மற்றொருவர் கிணற்றையே மீட்டரில் அளந்து பார்க்கிறார். 30 அடி என்பது 9.144 மீட்டர். ஆகவே 9.144 × 9.144 × 9.144, அதாவது ஏறத்தாழ 764.6 கன மீட்டர் என்கிறார். எவர் கூற்று சரி?

இதற்குப் பெரிய கணிதம் வேண்டுவதில்லை. பக்கத்துக்குப் பத்து மீட்டர் கொண்ட கிணற்றில்கூட 10 × 10 × 10 ஆகிய 1,000 கன மீட்டர் நீர்தான் கொள்ளும். அதனினும் சிறிய இக்கிணற்றில் 8,229 கன மீட்டர் எவ்வாறு அடங்கும்? முதல் மாணவர் நீளத்தை மட்டும் மாற்றினார். அகலத்தையும் ஆழத்தையும் மாற்றாமல் விட்டுவிட்டார். கன அளவில் நீளம் மூன்று முறை வருகிறது. ஆகவே மாற்றெண்ணும் மூன்று முறை பெருக்கப்பட வேண்டும். 0.3048 ஐ 0.3048 ஆல் பெருக்கினால் 0.09290304, இது சதுர அடியைச் சதுர மீட்டராக்கும் எண். மீண்டும் ஒரு முறை 0.3048 ஆல் பெருக்கினால் 0.028316846592, இதுவே கன அடியைக் கன மீட்டராக்கும் எண். நீளத்துக்கு உரிய எண்ணைக் கனத்துக்குப் பயன்படுத்தினால் விடை ஏறக்குறைய பதினொரு மடங்கு பெருகிவிடும். பெரிய கன அளவுகளில் நிகழும் பிழைகளுள் தலையாயது இதுவே.

ஒரு கன மீட்டரில் 1,000 லிட்டர் அடங்கும். ஆதலால் ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28.32 லிட்டர். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமே வந்து நிற்கும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. எனவே அது 2,832 கோடி லிட்டர். அல்லது 2 கோடியே 83 இலட்சத்து 17 ஆயிரம் கன மீட்டர். டி.எம்.சி.யை 2.83 ஆல் பெருக்கினால் கோடி கன மீட்டர் கிடைக்கும் என்று சுருக்கமாகக் கொள்ளலாம். தாளும் எழுதுகோலும் கையில் இல்லாதபோது மற்றோர் எளிய வழியும் உண்டு. டி.எம்.சி.யை 85 ஆல் பெருக்கி 3 ஆல் வகுங்கள். விடை மில்லியன் கன மீட்டரில் வரும். இதனால் நேரும் பிழை ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

உலக நாடுகளின் அணைகளைப் பற்றிப் படிக்கும்போது கன கிலோமீட்டர் என்ற அளவைக் காண்பீர்கள். இங்கும் அதே மூன்று முறை விதி வேலை செய்கிறது. கிலோ என்றால் ஆயிரம் என்பதால் ஒரு கன கிலோமீட்டர் ஆயிரம் கன மீட்டர் என்று எண்ணிவிடக் கூடாது. நீளமும் அகலமும் உயரமும் தனித்தனியே ஆயிரம் மடங்கு வளர்கின்றன. ஆகவே அது நூறு கோடி கன மீட்டர்; நம் கணக்கில் 35.3 டி.எம்.சி. மேட்டூரின் 93.47 டி.எம்.சி. என்பது 264 கோடியே 68 இலட்சம் கன மீட்டர், அதாவது 2.65 கன கிலோமீட்டர். சீனத்தின் மூன்று பள்ளத்தாக்கு அணையின் கொள்ளளவு 39.3 கன கிலோமீட்டர். அதனை 35.3 ஆல் பெருக்கிப் பாருங்கள்; ஏறத்தாழ 1,388 டி.எம்.சி. வரும். மேட்டூரைப் போல் பதினைந்து அணைகள்!

பெரிய எண்ணை மாற்றினால் மட்டும் போதாது. அது மனத்தில் பதியவும் வேண்டும். எங்கள் நாமக்கல் லாரிகளுக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதை நீங்கள் அறிவீர்கள். மணலும் சல்லியும் இன்றும் இங்கே 'யூனிட்' கணக்கில் விலை பேசப்படுகின்றன. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. அப்படியானால் ஒரு டி.எம்.சி. என்பது மிகச் சரியாக ஒரு கோடி யூனிட். இனி, 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி ஒன்றை எண்ணுங்கள். ஒரு டி.எம்.சி. நீரைச் சுமக்க அந்த லாரி ஏறத்தாழ 23 இலட்சத்து 60 ஆயிரம் நடை போக வேண்டும். அத்தனை லாரிகளை, ஒன்றுக்குப் பத்து மீட்டர் இடம் விட்டு, ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரிசை 23,600 கிலோமீட்டர் நீளும். அது பூமியின் சுற்றளவில் பாதியைக் கடந்துவிடும். இது ஒரே ஒரு டி.எம்.சி.யின் அளவு என்பதை மறவாதீர்கள்.

மழையின் கணக்கையும் இதனோடு சேர்த்துப் பார்ப்போம். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 10,000 கன மீட்டர் நீர். எங்கள் நாமக்கல் மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 3,400 சதுர கிலோமீட்டர். மாவட்டம் முழுவதும் சீராக ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 3 கோடியே 40 இலட்சம் கன மீட்டர், அதாவது 1.2 டி.எம்.சி. அதில் பெரும்பகுதி ஆவியாகும், மண்ணில் ஊறும். ஆயினும் புன்செய்க் காட்டின்மீது விழுகின்ற தூறலும் மேட்டூரில் தேங்கி நிற்கும் வெள்ளமும் ஒரே தராசில் நிறுக்கத் தக்கவை என்பது இதனால் விளங்குகிறது. ஏரியைத் தூர் வாருவதும் பண்ணைக் குட்டை வெட்டுவதும் எவ்வளவு பயன் தரும் என்று மதிப்பிட விரும்புவோர் இக்கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அடுத்து, விடையைச் சோதிக்கும் முறை. நல்ல கணக்கர் ஒரு விடையை இரு வழிகளில் காண்பார். மேட்டூர் நிரம்பி நிற்கும்போது நீர் பரவும் பரப்பு 59.25 சதுர மைல். ஒரு சதுர மைல் 2,78,78,400 சதுர அடி. எனவே நீர்ப்பரப்பு ஏறத்தாழ 165 கோடி சதுர அடி. கொள்ளளவாகிய 9,347 கோடி கன அடியை இதனால் வகுத்தால் சராசரி ஆழம் 56.6 அடி என்று வருகிறது. அணையருகே 120 அடி ஆழமும், மேலே செல்லச் செல்லக் குறைந்துகொண்டே போகும் ஆழமும் உடைய நீர்த்தேக்கத்துக்கு இச்சராசரி பொருத்தமானதே. இனி மீட்டரில் காண்போம். 59.25 சதுர மைல் என்பது 153.46 சதுர கிலோமீட்டர், அதாவது 15.346 கோடி சதுர மீட்டர். 264.68 கோடி கன மீட்டரை அதனால் வகுத்தால் 17.25 மீட்டர். அதனை அடியாக்கினால் மீண்டும் 56.6 அடி. இரு வழிகளும் ஓரிடத்தில் வந்து கூடின, கணக்கு சரி.

மும்முறை பெருக்க மறந்தவரின் கணக்கில் என்ன நேரும்? அவருக்கு மேட்டூரின் கொள்ளளவு 2,849 கோடி கன மீட்டர் என்று வரும். சராசரி ஆழம் 185 மீட்டருக்கு மேல் போகும். அதாவது 600 அடிக்கும் மேல்! 120 அடி அணையில் 600 அடி ஆழம் எங்கிருந்து வரும்? பெருக்கலில் ஏற்பட்ட பிழையை நிலத்தின் உருவமே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

நிற்கும் நீரைப் பார்த்தோம். ஓடும் நீரைப் பற்றியும் ஒரு சொல். வினாடிக்கு ஒரு கன அடி வீதம் ஓடுவதை ஒரு கியூசெக் என்பர். ஒரு நாளில் 86,400 வினாடிகள். நூறு கோடியை 86,400 ஆல் வகுத்தால் 11,574 வரும். ஆகவே வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் நீர் ஓடினால் அது ஒரு டி.எம்.சி. டெல்டாப் பாசனத்துக்காக அணையிலிருந்து வினாடிக்கு 12,000 கன அடி திறக்கப்பட்டது என்று செய்தி வந்தால், நாளொன்றுக்கு ஒரு டி.எம்.சி.க்குச் சற்று மேல் வெளியேறுகிறது என்று உடனே சொல்லிவிடலாம். நீர்வரத்தே இல்லை என்று கொண்டால், இருப்பு எத்தனை டி.எம்.சி.யோ, ஏறத்தாழ அத்தனை நாளுக்குத்தான் அது தாங்கும். மீட்டர் முறையில் வினாடிக்கு ஒரு கன மீட்டரைக் கியூமெக் என்பர். ஒரு கியூமெக் 35.3 கியூசெக்.

இத்தனை நுணுக்கம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். காவிரி வழக்கையே சான்றாகக் காட்டுகிறேன். காவிரி நடுவர் மன்றம் 2007 இல் அளித்த இறுதி ஆணையில், கருநாடகம் ஆண்டுதோறும் பிலிகுண்டுலுவில் 192 டி.எம்.சி. நீர் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று கூறியது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அளித்த தீர்ப்பில் அதனை 177.25 டி.எம்.சி. ஆக்கியது. குறைந்தது 14.75 டி.எம்.சி. அதில் 10 டி.எம்.சி. தமிழ்நாட்டின் நிலத்தடி நீரைக் கருதியும், 4.75 டி.எம்.சி. பெங்களூரு நகரின் குடிநீர்த் தேவையைக் கருதியும் கழிக்கப்பட்டது. தீர்ப்பை ஆராய்வது என் நோக்கமன்று. அந்த எண்களின் பருமனை இருதரப்பு மக்களும் உணர வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் 4.75 டி.எம்.சி.யை லிட்டராக்குவோம். ஆண்டுக்கு 13,450 கோடி லிட்டர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 36 கோடியே 85 இலட்சம் லிட்டர். ஒரு பெருநகரின் குழாய்களுக்கு அது எத்தனை பெரிய வரவு என்பது இப்போது தெரிகிறது. அடுத்து 14.75 டி.எம்.சி.யை வயலுக்குக் கொண்டுசெல்வோம். நெற்பயிர் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டும் என்று கொள்வோம். ஒரு டி.எம்.சி. நீர் 2,832 ஹெக்டேர் நிலத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நிற்கும். எனவே அது 2,360 ஹெக்டேர் நெல்லுக்குப் போதும். ஏக்கரில் சொன்னால் 5,830. அதன்படி 14.75 டி.எம்.சி. என்பது 86,000 ஏக்கர் நெல்லின் நீர். வாய்க்காலில் கசிவதையும் வெயிலில் ஆவியாவதையும் சேர்த்தால் பரப்பு இன்னும் குறையும். ஓரிடத்தில் மக்களின் குடம். மற்றோரிடத்தில் உழவரின் வயல். இரண்டையும் ஒரே அளவையில் வைத்துப் பார்த்தால்தான் வழக்கின் கனம் புலப்படும்.

இங்கே மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. பேச்சுவாக்கில் 14.75 ஐ 15 என்று முழுமையாக்கிச் சொல்வது வழக்கம். கூடியது கால் டி.எம்.சி.தானே என்று தோன்றும். அந்தக் கால் டி.எம்.சி. 708 கோடி லிட்டர். 2019 இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் சிற்றூர் மக்களுக்கு நாளொன்றுக்குத் தலைக்கு 55 லிட்டர் என்று அளவு வகுத்தார்கள். அவ்வளவின்படி, நாம் எண்ணைச் செப்பம் செய்வதாகக் கருதி ஏற்றிவிட்ட அந்தக் கால் டி.எம்.சி. மூன்றரை இலட்சம் மக்களுக்கு ஓராண்டுக் குடிநீர். கடைக்கணக்கில் காலணாவை விட்டுக்கொடுக்கலாம். ஆற்றுக் கணக்கில் அது ஆகாது.

இதற்கு மறுதலையான குற்றமும் உண்டு. கணிப்பொறி காட்டுகிறது என்பதற்காக மேட்டூரின் கொள்ளளவு 264,67,75,651 கன மீட்டர் என்று எழுதுவது அறியாமை. நமக்குக் கிடைத்த 93.47 என்ற எண்ணில் நான்கு இலக்கங்களே உள்ளன. நான்கு இலக்கம் தந்த அளவிலிருந்து பத்து இலக்க உண்மை பிறக்காது. மாற்றெண் எத்தனை நுட்பமானதாயினும், அளந்த கோலின் நுட்பத்துக்கு மேல் விடை நுட்பமாகாது. ஆகவே 264.7 கோடி கன மீட்டர் என்று நிறுத்துவதே அறிவுடைமை. கணக்கின் நடுவே இலக்கங்களைக் காத்துவைத்துக்கொண்டு, இறுதி விடையில் வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பிற நாட்டு ஏடுகளைப் படிப்போர்க்கு ஏக்கர் அடி என்னும் அளவும் எதிர்ப்படும். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரம் நிற்கும் நீர் அது. 43,560 கன அடி, அல்லது 1,233.5 கன மீட்டர். ஒரு டி.எம்.சி.யில் 22,957 ஏக்கர் அடி அடங்கும். அமெரிக்காவில் இவ்வழக்கு மிகுதி, இலங்கையிலும் உண்டு. கிழக்கிலங்கையில் கல் ஓயா ஆற்றைத் தடுத்துக் கட்டிய சேனாநாயக்க சமுத்திரத்தின் கொள்ளளவு 7,70,000 ஏக்கர் அடி. நம் பவானிசாகர் அணையின் கொள்ளளவு 32.8 டி.எம்.சி. இரண்டில் எது பெரிது? பார்த்த அளவில் சொல்ல இயலாது. 7,70,000 ஐ 22,957 ஆல் வகுத்தால் 33.5 டி.எம்.சி. வருகிறது. ஏறத்தாழ இரண்டும் ஒத்த அளவின. இலங்கையின் ஏரி சற்றே பெரிது. காலன் என்ற அளவைக் காணும்போது மட்டும் எந்நாட்டுக் காலன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர். பெயர் ஒன்றாயினும் ஒன்று மற்றொன்றைவிட ஐந்தில் ஒரு பங்கு பெரிது.

மாணவர்களே, இதுவரை கூறியவற்றைத் தொகுத்துக்கொள்வோம். சுருக்கெழுத்தில் மறைந்துள்ள அளவையை முதலில் வெளியே கொணருங்கள். நீளத்தின் மாற்றெண்ணை மும்முறை பெருக்குங்கள். விடையை மற்றொரு வழியில் சோதியுங்கள். இலக்கங்களை வேண்டிய அளவில் நிறுத்துங்கள். பிறகு அந்த எண்ணை ஒரு கிணறாகவோ ஒரு லாரியாகவோ ஒரு வயலாகவோ கண்முன் கொண்டுவாருங்கள்.

வரும் விடுமுறை நாளில், பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் சென்று, உங்கள் ஊர்க் கிணறு ஒன்றை அளந்து பாருங்கள். சதுரக் கிணறாயின் நீளம், அகலம், நீரின் ஆழம் மூன்றையும் பெருக்குங்கள். வட்டக் கிணறாயின் ஆரத்தின் வர்க்கத்தை 3.14 ஆலும், பின் ஆழத்தாலும் பெருக்குங்கள். ஒரு முறை அடியிலும் மறுமுறை மீட்டரிலும் தனித்தனியே அளந்து கணக்கிட்டு, இரு விடைகளும் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். ஒத்துவந்தால், அத்தகைய கிணறுகள் எத்தனை சேர்ந்தால் ஒரு டி.எம்.சி. ஆகும் என்று வகுத்துப் பாருங்கள். நான் முன்னே சொன்ன முப்பதடிக் கிணற்றுக்கு விடை 37,037. உங்கள் கிணற்றுக்கு உரிய விடையைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நாளை மேட்டூரின் நீர் இருப்பு இத்தனை டி.எம்.சி. என்று படிக்கும்போது, அந்த எண்ணுக்குள் எத்தனை கிணறுகள் நிற்கின்றன என்று உங்களால் சொல்ல முடியும்.